பாலையும் உறைவுச்சீட்டும்

பிரிவைப் பாடிய பாட்டு எம்மொழியில் எதிர்ப்படினும் அதனைப் பாலை எனக் கொண்டு அமைதியுறும் வழக்கம் நம் ஒப்பிலக்கிய ஆய்வாளரிடையே வேரூன்றிவிட்டது. கிரேக்கர் பாடலாயினும் சப்பானியர் பாடலாயினும், தலைவன் வீடு நீங்கினான் எனின் அது பாலை. தலைவி ஆற்றியிருந்தாள் எனின் அது முல்லை. இவ்வழக்கம் முற்றும் பிழை என்று கூறுதல் என் கருத்தன்று. தமிழர் கண்ட திணைக்கோட்பாடு பிறமொழிப் பாடல்களையும் அளக்க வல்லது என்பதனை உலகுக்கு உணர்த்தியதில் இதற்கும் பங்குண்டு. எனினும், அளவுகோலைக் கையிற்கொண்டார் அளக்கப்படும் பொருள் அக்கோலுக்கு அடங்காதவிடத்து அதனையும் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவராவர். சீன நாட்டில் ஊர் நீங்கி நகர்த் தொழிலகங்களுக்குச் சென்ற உழவர்குடித் தொழிலாளர், கடந்த நாற்பது ஆண்டுகளாக இயற்றிவரும் பாடல்களும் உரைநடையும் அத்தகையன என்பது என் துணிபு. அவற்றைப் 'பொருள்வயிற் பிரிவு' என்னும் தலைப்பின்கீழ்ப் பாடஞ்சொல்லுதல் எளிது. மாணவர்க்கும் உடனே விளங்கும். ஆனால், அப்பாடல்களில் எது துயர்க்கு ஏதுவாயிற்றோ அதுவே அத்தலைப்பினால் மறைந்துபோகும்.

ஒன்றனை முதற்கண் கூறிவிடுதல் தகும். யான் சீனமொழி அறியேன். சின் சியாவ்யூ தொகுத்த தொகைநூலை எலினார் குட்மன் 'இரும்பு நிலா' என ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார். அதுவும் பிற மொழிபெயர்ப்புகள் சிலவுமே என் கைக்கு எட்டியவை. ஆதலின், இப்பாடல்களின் ஓசையும் தொடையும் பற்றி ஈண்டு ஒன்றும் கூறேன். பொருள் பற்றியே என் ஆராய்ச்சி அமையும்.

பொருள் விளங்க வேண்டுமாயின் அந்நாட்டுக் குடிப்பதிவு முறையை அறிதல் இன்றியமையாதது. சீனர் அதனை 'ஹூகோ' என வழங்குவர். ஹூ என்பது மனை. கோ என்பது வாய். மனையும் அதில் உண்ணும் வாயும் சேர்ந்து ஒரு சொல்லாயின. அச்சொல்லின் பொருத்தம் 1958-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை நோக்குவார்க்குப் புலனாகும். அச்சட்டத்தால் நிலைபெற்ற முறை மக்களை வேளாண் பதிவினர், வேளாண் அல்லாப் பதிவினர் என இரு கூறாக்கிற்று. பின்னவர் வாய்க்கு அரசு தானியப் பங்கீடு அளித்தது. வேலை, வீடு, மருத்துவம், பள்ளி ஆகியனவும் அப்பதிவோடு வந்தன. முன்னவர் தம் கூட்டுப்பண்ணையில் விளைத்து, அரசு வைத்த விலைக்கு ஒரு பங்கைக் கொடுத்து, எஞ்சியதை உண்டனர். நகரில் பங்கீட்டுச் சீட்டின்றிச் சோறு கிட்டாது. ஆகவே, ஊரைவிட்டு நீங்குதலும் அரிதாயிற்று. குறைந்த விலைக்குக் கொண்ட தானியத்தால் நகரை ஊட்டி, நகரின் ஆலைகளை வளர்த்தல் அக்காலத் திட்டத்தின் அடிப்படை. உழவர் திரளாக நகர்க்கு வந்துவிடின் அத்திட்டம் நில்லாது. பதிவு என்பது எண்ணிக்கைக் கணக்கு மட்டுமன்று. அது ஒரு மதில்.

1978-க்குப் பின் சீனம் ஆணைப் பொருளாதாரத்திலிருந்து சந்தைப் பொருளாதாரத்தை நோக்கித் திரும்பிற்று. நிலம் குடும்பங்களின் பொறுப்பில் விடப்பட்டது. வயலுக்கு வேண்டாத கைகள் எத்துணை என்பது அப்போது வெளிப்பட்டது. 1980-இல் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆயிற்று. கடற்கரை ஆலைகள் கைகளைத் தேடின. ஊரில் கை மிகுதி, கரையில் கை குறை. மதிலை இடித்திருத்தல் கூடும். இடித்தாரல்லர், சிறு வாயில்கள் வைத்தனர். 1984-இல், தமக்கு வேண்டும் தானியத்தைத் தாமே தேடிக்கொள்ளும் உழவர் சிறு சந்தை நகர்களில் குடியேறலாம் என்று இசைவு தந்தனர். 1985-இல், 16 அகவை நிரம்பினோர் நகரில் மூன்று திங்களுக்கு மேல் தங்கின் தற்காலிக உறைவுச்சீட்டுப் பெறல் வேண்டும் என விதித்தனர். 1990-களின் தொடக்கத்தில் தானியச் சீட்டு ஒழிந்து, காசு உடையார் எவரும் நகரில் உண்ணலாம் என்ற நிலை வந்தது. அப்போதும் பதிவு ஒழியவில்லை. உழவர்மகன் ஆலையில் உழைக்கலாம். அவன் பிள்ளை அந்நகர்ப் பள்ளியில் உரிமையோடு பயிலல் ஆகாது. அவன் நோயும் முதுமையும் பதிவிருந்த ஊரின் பொறுப்பு. உழைப்பை நகர் கொண்டது. உழைப்பாளனை வளர்த்த செலவையும் புதைக்கும் செலவையும் சிற்றூர் ஏற்றது. மலிந்த விலையில் உலகெங்கும் சென்ற பண்டங்களின் விலைக்கணக்கில் இவ்வரி எழுதப்பட்டதில்லை.

இவ்வேற்பாட்டுக்குச் சொற்களும் வேண்டியிருந்தன. சீட்டின்றி வந்தோரை 'குருட்டு ஓட்டம்' எனப் பொருள்படும் சொல்லால் அதிகாரிகள் குறித்தனர்; வெள்ளம் பெருக்கெடுப்பதுபோல் கண்ணின்றி ஓடுவோர் என்பது கருத்து. ஆலையில் வேலை பெற்றோர் 'நோங்மின்கோங்' எனப்பட்டனர். நோங்மின் உழவர், கோங் தொழிலாளி. உழவராகிய தொழிலாளர் என விரிக்கும் இத்தொகை, இருபது ஆண்டு ஏர் தொடாதவரையும் உழவர் என்றே கூறும். காரணம், அவர் செய்யும் தொழிலன்று, அவர் பதிவு. தொழிலாளர் தம்மையே குறிக்க ஆண்ட சொல் 'தாகோங்'. கான்டனியர் பேச்சினின்று பரவிய இச்சொல்லுக்குப் பிறர்க்குக் கூலிவேலை செய்தல் என்பது பொருள். பொதுவுடைமைக் காலத்தில் 'தொழிலாளி' என்பது நாட்டின் தலைமகனைக் குறித்த பெருமைச் சொல். தாகோங் என்பதில் அப்பெருமை இல்லை. செங் சியாவ்சியோங் என்னும் பெண்பாற் புலவர் இச்சொல்லையே பாடுபொருளாகக் கொண்டு ஒரு பாட்டு இயற்றியுள்ளார். 1980-களில் யாங் ஹோங்ஹாய் என்னும் திறனாய்வாளர் ஷென்சென் பகுதியில் தோன்றிய புதிய எழுத்துக்குத் 'தாகோங் இலக்கியம்' எனப் பெயரிட்டார். அப்பெயரே நின்றது.

நம் மொழியில் இதனைப் 'புலம்பெயர் இலக்கியம்' எனப் பெயர்த்துவிடுதல் இயல்பு. புலம்பெயர்தல் பழஞ்சொல். காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழியினர் தத்தம் நிலத்தை விட்டு வந்து கலந்து இனிது வாழ்ந்தனர் எனக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் கூறுவது யாவரும் அறிந்தது. அங்கே நிலம் மாறிற்று, வாழ்வும் மாறிற்று. வந்தோர் அப்பட்டினத்தின் மாந்தராயினர். ஷென்சென் நகர்க்கு வந்த சிச்சுவான் உழத்தியின் நிலை வேறு. அவள் உடல் ஈராயிரம் கல் பெயர்ந்தது. அவள் புலம் பதிவேட்டில் முன்னிருந்த ஊரிலேயே நின்றது. உடல் பெயர்ந்தும் புலம் பெயராமையே இவ்விலக்கியத்தின் முடிச்சு. ஆகவே, 'புலம்பெயர்' என்னும் அடை, அடையா நிலையை அடைந்ததாகக் காட்டிவிடுகின்றது.

இனிப் பாலைக்கு வருவோம். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கினாரல்லர். குறிஞ்சியும் முல்லையும் வேனிலால் வறண்டு தம் இயல்பை இழந்தவிடத்துத் தோன்றும் நிலையே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். ஒரு நிலம் தன்னியல்பு திரிந்து பாலையாகும் என்னும் இக்கருத்து சீனச் சிற்றூர்களுக்குப் பொருந்தும் என ஒருவர் வாதிடலாம், வாதம் வலிவுடையதே. கிழவரும் சிறாரும் மட்டும் எஞ்சிய ஊர்களைப் பாடிய பாடல்கள் இவற்றுள் உள. ஆயின், திரிபுக்குக் காரணமாகிய வேனில் யாது என வினவல் வேண்டும். பாலைப்பாட்டில் சுரம் வெயிலால் ஆயது. அதனைக் கடப்பார்க்கு நீரின்மை இடர், ஆறலை கள்வர் இடர். கள்வர் வேந்தன் ஆணைக்குப் புறம்பானவர் என்பதனை நினைவிற்கொள்க. தாகோங் பாடல்களில் சுரம் என நிற்பது எது? ஷென்சென் மண்டலத்தைச் சுற்றி 1980-களில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளத்திற்கு வேலி எழுப்பினர். தனிச்சீட்டு இல்லாதார் அதனுள் நுழைதல் இயலாது. அவ்வெல்லை முறையாக நீக்கப்பட்டது 2018-இல்தான். வேலியைக் கடந்தாரும் உறைவுச்சீட்டின்றி இரவில் வெளிப்படின் பிடிபடுவர். இரவலரையும் வீடற்றாரையும் ஊருக்கு அனுப்ப 1982-இல் செய்த விதி, 1990-களில் சீட்டும் உறைவிடமும் நிலைத்த வருவாயும் இல்லாத எவர்மேலும் செலுத்தப்பட்டது. 2003 மார்ச்சில் குவாங்சௌ நகரில் 27 அகவைப் பட்டதாரி இளைஞர் ஒருவர் சீட்டுக் காட்டாமையால் பிடிபட்டு, காவலில் அடியுண்டு இறந்தார். அதனால் எழுந்த எதிர்ப்பின் பயனாக அவ்விதி அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து நீங்கிற்று. இங்கே வழிமறித்தது கள்வர் அன்று, ஆணையே. பாலை எனப் பெயரிட்டவுடன் ஆணை வெயிலாகிவிடுகின்றது. வெயிலை நொந்துகொள்ளலாம், அதனை யார் விதித்தார் எனக் கேட்பார் இலர்.

காலத்தை நோக்கினும் இவ்வேறுபாடு தெளிவாம். தொல்காப்பியர் பிரிவுக்கு எல்லை வகுத்தவர். கல்விக்குப் பிரிதல் மூன்றாண்டுக்கு மிகாது. வேந்தன் தொழிலுக்கும் ஏனையவற்றுக்கும் பிரிதல் ஓராண்டுக்குள் அமையும். கற்பியலில் கூறப்படும் இவ்வரையறையை வெறும் புலனெறி வழக்கம் என நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். அவ்வரையறை உள்ளதனாலேயே கார்ப்பருவம் பொருள் பெறுகின்றது; வருவேன் என்றவன் வாராது மழை வந்துவிட்டது என்னும் ஏக்கம் எழுகின்றது. பிரிவுக்கு எல்லை இல்லையெனின் காத்திருத்தலுக்கும் வடிவம் இல்லை. உறைவுச்சீட்டின் பெயரில் 'தற்காலிகம்' என்னும் சொல் உள்ளது. புதுப்பிக்கப் புதுப்பிக்க அத்தற்காலிகம் இருபது ஆண்டும் செல்லும். குறித்த கால எல்லையைப் பிரிவுக்கு விதித்தார் நம் இலக்கணவாசிரியர். குறித்த எல்லையில்லாத் தற்காலிகத்தை விதித்தது அந்நாட்டுக் கொள்கை. ஆண்டுக்கொருமுறை வசந்த விழாவுக்கு ஊர் திரும்பும் பெருங்கூட்டம் உண்டு. எனினும், அது மீட்சியன்று. சில நாள் விடுப்பு. 2008-ஆம் ஆண்டு அவ்விழாவை ஒட்டிப் பெரும்பனி பெய்து இருப்புப்பாதைகள் அடைபட, குவாங்சௌ நிலையத்தில் இலட்சக்கணக்கானோர் நாட்கணக்கில் நின்றனர். வானம் வழியடைத்த நிகழ்ச்சி என எடுத்துக்காட்ட இவ்வரலாற்றில் எனக்குக் கிடைத்தது இஃது ஒன்றே.

பெண்பாலார் நிலை தனியே ஆராயத்தக்கது. முந்நீர் வழக்கம் பற்றிய நூற்பாவுக்கு இளம்பூரணர் கடற்செலவு என உரை கண்டார். நச்சினார்க்கினியர் மூவகைப் பிரிவு எனக் கொண்டார். இருவரும் மகடூஉ உடன்செல்லாள் என்பதில் ஒன்றுபட்டனர். பொருள் தேடிப் பிரிபவன் ஆண், இல்லிருப்பவள் பெண். பொருள்வயிற் பிரிவின் கட்டுக்கோப்பு முழுதும் இதன்மேல் நிற்பது. தாகோங் இலக்கியத்தில் பிரிபவருள் பெரும்பகுதியினர் இளமகளிர். சிறு விரலும் கூரிய கண்ணும் வேண்டும் மின்பொருள் ஆலைகளும், தையல் ஆலைகளும், பொம்மை ஆலைகளும் அவரையே விரும்பி ஏற்றன. அவருள் பலர் மனமுவந்தே சென்றனர் என்பதனையும் மறைத்தல் ஆகாது. மாமியார் வீட்டுக்கு முன் சில ஆண்டு தம் கையால் தாம் ஈட்டி வாழ்தல் அவர்க்கு விடுதலையாகவும் தோன்றிற்று. தொடக்கக் காலத் தாகோங் எழுத்தில் அம்மகிழ்ச்சியின் ஒலி கேட்கின்றது. பிறகு ஒலி மாறிற்று. 1993 நவம்பரில் ஷென்சென் பொம்மை ஆலை ஒன்றில் தீப்பற்றி, வாயில்களும் சாளரங்களும் அடைக்கப்பட்டிருந்தமையால் 87 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலார் ஊர்ப்புறத்து இளம்பெண்கள்.

செங் சியாவ்சியோங் 1980-இல் சிச்சுவான் மாகாணத்து நான்சோங்கில் பிறந்து, 2001-இல் டோங்குவான் நகர்க்கு வந்து இரும்புப்பொருள் ஆலையில் உழைத்தவர். 2007-இல் 'மக்கள் இலக்கியம்' இதழின் பரிசு பெற்றபோது, முத்தாற்றுக் கழிமுகப் பகுதியின் ஆலைகளில் பொறியால் துண்டாகும் விரல்களைக் குறித்தே பேசினார். 2012-இல் வெளிவந்த அவரது 'பெண் தொழிலாளர் பதிவு' இவ்விலக்கியத்தில் தலையாயது என்பது என் மதிப்பீடு. அந்நூலில் பாட்டுக்குத் தலைப்பாக நிற்பன பெரும்பாலும் பெண்களின் பெயர்கள். ஒரு பெயர்க்கு ஒரு பாட்டு. தமிழ் பயின்றார் இவ்விடத்துச் சற்று நிற்றல் வேண்டும். அகத்திணை ஐந்தனுள்ளும் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் வந்தால் அது புறம். பெயரின்மையால் அகப்பாட்டு எல்லார்க்கும் உரித்தாகின்றது. தலைவி என்பாள் எவளும் ஆகலாம். அப்பெயரின்மை புலவன் தந்த கொடை. ஆலையிலோ பெயரின்மை முதலாளி தந்தது. அங்கே தொழிலாளி எண்ணால் அழைக்கப்படுகின்றாள். ஒருத்தி போனால் அவ்வெண்ணுக்கு மற்றொருத்தி. எவளும் ஆகலாம் என்னும் அதே பொதுமை அங்குக் கொடுமையாகின்றது. இந்நிலையில் பெயரை மீட்டுத் தருதலே புலவர்க்குக் கடனாயிற்று. காதல், தாய்மை, கருச்சிதைவு, தனித்துறங்கும் விடுதிக் கட்டில் ஆகிய அகப்பொருள்களை அவர் பாடினார். பாடியவிடத்தெல்லாம் பெயர் வைத்தார். நம் இலக்கணத்தின்படி அவை அகம் ஆகமாட்டா. அகப்பொருள் அரசாணையால் புறத்தே தள்ளப்பட்ட நிலை இது. இப்பாடல்களைப் பாலை என்பதினும், பெயர் சுட்டிய அகம் புறமாய் நின்றது எனக் கூறுதலே தொல்காப்பியர்க்கும் செங் அவர்கட்கும் ஒருங்கே நேர்மை செய்வதாகும்.

செவிலியைப் பற்றியும் ஒரு சொல். உடன்போக்குப் பாடல்களில் செவிலி மகளைத் தேடிச் சுரத்தில் நடப்பாள், எதிர்ப்பட்டாரை வினவுவாள். வீடு நீங்கியவள் மகள், தேடுபவள் செவிலி. ஹூபெய் மாகாணத்துச் சிற்றூரினராகிய ஃபான் யூசு, பெய்ஜிங்கில் செல்வர் மனையொன்றில் குழந்தை பேணும் பணி புரிந்தவர். பிசுன் என்னும் நகர்ப்புற ஊரில் தொழிலாளர்க்கென நடந்த இலக்கிய வகுப்பில் எழுதப் பழகினார். 2017 ஏப்ரலில் வெளியான அவரது தன்வரலாற்றுக் கட்டுரை சில நாளில் நாடெங்கும் படிக்கப்பட்டது. இரவெல்லாம் பிறர் குழந்தைக்கு உணவூட்டிக் காத்திருக்கையில் தம் மகளிர் தாயின்றி உறங்குதலை அவர் நினைக்கின்றார். இங்கே வீடு நீங்கியவளே செவிலி. கட்டுரையில் ஒப்பாரி இல்லை. ஒருவகை எள்ளலும் அடக்கமும் கலந்த நடை. இவ்விலக்கியத்தைப் பரிவால் மட்டும் படிப்பார்க்கு அந்நடை ஏமாற்றமளித்திருக்கலாம். எனக்கு அதுவே அதன் சிறப்பாகத் தோன்றியது.

பரிவால் படித்தலின் தீங்கு ஷூ லிஜி என்னும் புலவர் திறத்து மிகத் தெளிவாகக் காணப்படும். அவர் 1990-இல் குவாங்தோங் மாகாணத்தில் பிறந்து, ஷென்சென் ஃபாக்ஸ்கான் ஆலையில் பொருள் பூட்டும் வரிசையில் நின்றவர். 2014-இல் 24-ஆம் அகவையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நூல் மறைவுக்குப் பின் வந்தது. 2010-இல் அவ்வாலையின் இளந்தொழிலாளர் பலர் அடுத்தடுத்து மாடியினின்று குதித்திறந்த செய்தி உலகறிந்ததாதலின், ஷூவின் பாட்டுகளையும் அம்முடிவிலிருந்து பின்னோக்கியே எல்லாரும் படித்தனர். அங்ஙனம் படிப்பார்க்குப் பாட்டு சான்றாவணம் ஆகின்றது; பாட்டாக நில்லாது. திருகாணி ஒன்று தரையில் விழும் சிற்றொலியையும் மனிதன் ஒருவன் விழுந்த செய்தியையும் ஒருங்கு வைத்த அவரது சிறு பாட்டைச் சிலர் உள்ளுறை உவமத்திற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவர். அது பொருந்தாது. உள்ளுறையில் உவமிக்கப்படும் பொருள் வெளிப்படாது கேட்போர் உள்ளத்தில் முடிதல் வேண்டும். ஷூ இரண்டனையும் வெளிப்படக் கூறிவிடுகின்றார். ஆகவே, அது ஏனை உவமத்தின்பாற்படும். எனினும் ஓர் உண்மை உண்டு. கருப்பொருளாக மரமும் புள்ளும் நின்றவிடத்துத் திருகாணி நிற்கின்றது. மரமும் புள்ளும் தலைவனுக்கு முன்னும் உள்ளன, பின்னும் உள்ளன; திருகாணி அவன் கையால் ஒரு நாளில் பல்லாயிரமுறை கடந்துசெல்வது, ஒன்றும் அவனுடையதன்று. கருப்பொருளின் இயல்பே மாறிவிட்ட இடத்தில் திணைப்பெயர் மட்டும் மாறாது நிற்குமோ?

இத்தொகையில் உள்ளன எல்லாம் உயர்ந்த பாட்டுகள் என்றும் யான் கூறேன். இரும்பு, துரு, திருகாணி, நிலா என்பன பலர் கையில் திரும்பத் திரும்ப வந்து தேய்ந்துவிட்டன. முதற்புலவன் கண்ட உவமை பத்தாவது புலவனிடத்தில் சடங்காகின்றது. கோவைப் பிரபந்தங்களில் துறை பாடிய நம் பிற்காலப் புலவர் சிலரை இது நினைவூட்டும்.

நம் மொழியிலும் இப்பொருள் உண்டென்பது சொல்லவேண்டா. கரும்புத்தோட்டத்துப் பெண்டிர்க்காகப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதினார். பீஜிக்குச் சென்றோர் கைந்நாட்டிட்ட ஒப்பந்தத்தாள் 'கிரிமிட்டு' என மக்கள் வாயில் வழங்கிற்று. இலங்கை மலைநாட்டில் 1948-இன் குடியுரிமைச் சட்டம் தலைமுறைகளாக உழைத்தாரை நாடற்றவராக்கிற்று. தாள் ஒன்று வாழ்வைத் தீர்மானித்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆயின் பாரதியார் பீஜிக்குச் சென்றவரல்லர். புதுமைப்பித்தன் தோட்டக்கூலியாக உழைத்தவருமல்லர். அவர்தம் எழுத்து கரையில் நின்று கேட்டவர் அறச்சீற்றம். செங், ஷூ போன்றோர் எழுத்தில் சீற்றம் குறைவு, களைப்பு மிகுதி. வரிசையில் நின்றவர்க்கு உரத்துக் கூவ மூச்சில்லை போலும். நம் பாடத்திட்டங்களில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைப்பார் இவ்வேறுபாட்டை மாணவர்க்குச் சுட்டல் வேண்டும்.

2014-இல் வேளாண் பதிவு, வேளாண் அல்லாப் பதிவு என்னும் இருமையை நீக்க அந்நாட்டரசு ஆணையிட்டது. 2020-க்குள் 10 கோடிப் பேர்க்கு நகர்ப்பதிவு அளித்தல் குறிக்கோளாயிற்று. உறைவுச்சீட்டு 'தற்காலிகம்' என்னும் அடையை இழந்து, 2016 முதல் சில உரிமைகளோடு வழங்கப்படுகின்றது. சிறு நகர்களின் வாயில் அகன்றது. பெருநகர்களோ கல்வி, வருவாய், வரி செலுத்திய ஆண்டு இவற்றுக்கு மதிப்பெண் இட்டுத் தேர்ந்தெடுப்பன. தேர்வில் வெல்வார் பட்டதாரிகள்; பொருள் பூட்டும் வரிசையில் நிற்பவர் அரியர். இருமையைக் குறித்த சொல் நீங்கிற்று. 'நோங்மின்கோங்' என்னும் சொல் நீங்கவில்லை. அந்நாட்டுப் புள்ளியியல் துறை அப்பெயராலேயே ஆண்டுதோறும் கணக்கெடுக்கின்றது. 2024-இல் அத்தொகை ஏறத்தாழ 30 கோடி. ஊரில் விடப்பட்ட சிறாரின் எண்ணிக்கை இன்னும் வியப்புடையது. 2013-இல் 6 கோடிக்கு மேல் எனப்பட்டது. 2016-இல் 90 இலட்சம் எனப்பட்டது. மூன்றாண்டில் ஐந்து கோடிச் சிறாரின் பெற்றோர் ஊர் திரும்பிவிடவில்லை. பெற்றோருள் ஒருவர் நீங்கியிருப்பினும் கணக்கிற் சேர்த்தது முந்தைய வரையறை. இருவரும் நீங்கினால், அல்லது எஞ்சியவர் பேணும் வலியற்றவராயினால் மட்டும் சேர்த்தது பிந்தையது. அகவை எல்லையும் 18-லிருந்து 16-க்கு இறங்கிற்று. இலக்கணம் கற்றார்க்கு வரையறையின் ஆற்றல் தெரியும். இத்துணை ஆற்றல் அதற்கு உண்டென யானும் எண்ணியதில்லை.

குவோ ஜின்னியூ என்னும் புலவரை இறுதியாகக் குறிப்பிடல் வேண்டும். ஹூபெய் உழவர்குடியில் பிறந்து ஷென்சென் பகுதியில் பல தொழில் செய்தவர். ஆலை மாடிகளில் குதிப்பாரைத் தாங்க வலை கட்டும் பணியும் அவற்றுள் ஒன்று. அவரது புகழ்பெற்ற பாட்டுக்கும் நூலுக்கும் தலைப்பு ஒன்றே: தாளின்மேல் ஊர் திரும்பல் என்பது அதன் பொருள். குதித்து மாண்ட இளைஞன் ஒருவனைப் பாடும் அப்பாட்டில் ஊர் திரும்பல் எழுத்தில் மட்டுமே இயல்கின்றது. சீனமூலத்தில் தாள் என்பது எழுதும் தாளே. ஆயினும், உறைவுச்சீட்டின் வரலாறு அறிந்தார்க்கு அது வேறொரு தாளையும் நினைவூட்டாது போகாது. இதனைத் தமிழிற் பெயர்க்க முயல்வார் 'ஏட்டில்' என்றோ 'காகிதத்தில்' என்றோ எழுதலாகாது. 'தாளில் ஊர் திரும்பல்' என்றே எழுதுக. தாள் நமக்குக் காலும் ஆம், முயற்சியும் ஆம், எழுதும் பொருளும் ஆம். மூலத்தில் இல்லாத இப்பேறு மொழிபெயர்ப்பில் தானே வந்து பொருந்துகின்றது. நடந்து வந்த கால், உழைத்த முயற்சி, தடுத்த சீட்டு மூன்றும் அவ்வொரு சொல்லில் அடங்கும்.